ஒன்பது பொட்டலங்கள் யாதகிரிகுட்டாவுக்கு நடந்தன

காலை ஐந்து மணி பத்து நிமிடம். லோத்குண்டாவில் ஆட்டோவை விட்டு இறங்கி அக்கா வீட்டுக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது சமையலறைத் தராசு. அதன் மேல் ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம். பல்லிடுக்கில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு தராசின் எண்ணைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என் அத்தான் சங்கரலிங்கம்.

"நூத்தி இருபத்திரெண்டு," என்றார் டார்ச்சை எடுத்துவிட்டு. "ரெண்டு கிராம் கூடுது. வா மாப்ள. ரயில் லேட்டா?"

பதிலுக்குக் காத்திராமல் பொட்டலத்தின் முடிச்சைப் பிரித்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. டப்பாவுக்குள் பழந்துணியில் சுற்றிய இரண்டு போல்ட்டுகள், நட்டுகள், வாஷர்கள். ஒரு வாஷரை எடுத்து வெளியே வைத்தார். மறுபடி நிறுத்தார். நூற்று இருபது. முகம் மலர்ந்தது.

அத்தான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அங்கிருந்து ஒரு ஆணிகூட அனுமதிச் சீட்டில்லாமல் வெளியே போனதில்லை என்பது அவர் வாழ்க்கையின் பெருமை. அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது போன வருடம், அவர் வீட்டிலேயே.

அக்காவின் பேரன் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். இன்குபேட்டரில் அவன் கிடந்த நாட்களில் அக்கா ஐந்து நாள் நடைத் தொலைவிலுள்ள யாதகிரிகுட்டா மலைக்கோயில் நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டாள்: கையகல வெள்ளித் தொட்டில் ஒன்றை வீட்டிலிருந்து நடந்தே கொண்டுவந்து உண்டியலில் போடுகிறேன், வழியில் எந்த வண்டியிலும் ஏற்ற மாட்டேன். குழந்தை பிழைத்தான். அக்கா போன வருடம் நடந்தாள். இரண்டாம் நாள் ஒரு டீக்கடையில் கைப்பை போனது; தொட்டிலும் போனது. நேர்த்திக்கடன் முடியாமல் முதல் முடி இறக்கக் கூடாது என்பது அக்காவின் கணக்கு. பேரனுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. புனேயில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு திரிகிறான். பூங்காவுக்குப் போனால் எல்லோரும் 'பேபி கேர்ள்' என்கிறார்களாம். அக்கா இந்த வருடம் புதிதாக ஒரு தொட்டில் வாங்கியிருந்தாள்.

திருட்டை அத்தான் தானே விசாரித்திருந்தார். அவர் எழுதிய முடிவு ஒரே வரி: "குற்றத்துக்குக் காரணம் என் மனைவியின் வலது கை."

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கப் பையத் தொட்டுத் தொட்டுப் பாத்தா மாப்ள. திருடன் பையப் பாக்கல. இவ கையப் பாத்தான்."

எனவே இந்த வருடம் நாங்கள் மூவரும் கூட வர ஒப்புக்கொண்ட அக்கம்பக்கத்தார் ஆறு பேருமாக ஒன்பது பேர், ஒன்பது பொட்டலங்கள். ஒன்றில் தொட்டில், எட்டில் போல்ட்டுகள். ஒரே எடை, ஒரே மஞ்சள் துணி, முடிச்சின் மேல் அரக்கு, அரக்கின் மேல் அத்தானின் பழைய சீருடைப் பித்தளைப் பொத்தானின் முத்திரை. கண்ணைக் கட்டிக்கொண்டு அவரே குலுக்கினார். அசல் யாரிடம் என்று அவருக்கும் தெரியாது.

"எனக்காவது தெரிய வேண்டாமா? என் வேண்டுதல்லா?" என்றாள் அக்கா.

"உனக்குத் தெரிஞ்சா உன் கண்ணு அங்கனயே போவும். பொட்டலம் உடம்ப விட்டு எறங்கப்படாது. இதான் ரூல்." என் பக்கம் திரும்பினார். "நீ பேப்பர்ல இருந்தவன். பாத்தத மட்டும் ஒரு நோட்டுல எழுதிட்டு வா. நடந்தேதான் போச்சுதுன்னு எழுத்துல இருக்கணும்."

சென்னையிலிருந்து என்னை வரவழைத்தது இதற்காகத்தான். எனக்கு ஏழாம் எண் பொட்டலம்.

ஆறு மணிக்குக் கன்டோன்மென்ட் மதிலை ஒட்டி நடக்கத் தொடங்கினோம். அத்தானின் திட்டத்தில் இருந்த ஓட்டை முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்தது. போன வருடம் இடுப்பைத் தொட்டுப் பார்த்தது ஒரு கை. இப்போது எட்டுக் கைகள். தன்னிடம் இருப்பதுதான் அசல் என்று எட்டுப் பேரில் ஒவ்வொருவரும் நம்பினார். நான் கைக்கடிகாரத்தை வைத்துக் கவனித்தேன். சராசரியாகப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை யாராவது ஒருவர் இடுப்பைத் தடவினார். எதிரே வந்த பால்காரர் வண்டியை நிறுத்தி, கூட்டமாக வயிற்று வலியா என்று தெலுங்கில் விசாரித்தார்.

ஒருவர் மட்டும் தடவவில்லை. பெயர் ஏகாம்பரம். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். இவரும் அங்கேதான் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றார். பொட்டலத்தைக் கைத்தடியின் நுனியில் கட்டித் தோளில் போட்டிருந்தார்.

"உங்க அத்தான் எனக்கு அசலு குடுப்பாரா? ஹவ், ஆமா, குடுத்துட்டாலும்!"

"அவருக்கே தெரியாதே," என்றேன்.

"அவருக்குத் தெரியாது. அவரு கைக்குத் தெரியும் சார். என் மூஞ்சப் பாத்ததும் அதுவே போல்ட்ட எடுத்துக் குடுத்துடும்."

எட்டரை மணிக்கு ஓர் இரானி கடையில் டீ. நாங்கள் உட்கார்ந்த விதத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார எட்டுப் பேரும் மறுத்துவிட்டார்கள். மூன்று மேசைகளை வரிசையாகப் போட்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எதிர் நாற்காலிகள் காலி. ஏகாம்பரம் மட்டும் எதிரே தனியாக உட்கார்ந்து உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

பணியாளர் இந்தக் காட்சியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஏகாம்பரத்திடம் இந்தியில் சொன்னார்: "சாச்சா, இன்டர்வியூ எல்லாம் அமீர்பேட்டிலதான் நடக்கும். இங்கே எதுக்கு வந்தீங்க?"

"இந்த வயசுல என்ன எவன் எடுப்பான்? சும்மா அனுபவத்துக்கு வந்தேன்," என்றார் ஏகாம்பரம்.

எங்கள் பக்கத்தில் திருச்செந்தூருக்கு நடப்பவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மூட்டைகளையெல்லாம் சாலையோரம் ஒரே குவியலாகப் போட்டுவிட்டு, பந்தலில் வயிறாரச் சாப்பிட்டு, மர நிழலில் குறட்டை விடுவார்கள். காணாமல் போனால் எடுத்தவன் முருகனுக்குப் பதில் சொல்லட்டும் என்று மேலே நடப்பார்கள். அத்தானிடம் இதைச் சொன்னேன். "அங்க முருகன் பொறுப்பு. இங்க நான் பொறுப்பு," என்றார்.

முதல் நாள் உப்பல் ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கினோம். பொட்டலத்தோடு குளிப்பதற்கு அத்தான் ஆளுக்கொரு பாலிதீன் பை கொடுத்தார்.

இரண்டாம் நாள் கட்கேசர் நெருங்கும்போது திருட்டு நடந்தது. எங்களோடு வந்த தனலட்சுமி டீச்சர் கோயம்புத்தூர்க்காரர். மத்திய அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பொட்டலத்தைக் காப்பதில் அத்தானையே மிஞ்சியவர். தண்ணீர்த் தொட்டி ஒன்றில் முகம் கழுவினார். துண்டை எடுக்கக் குனிந்தபோது பொட்டலம் இடுப்பிலிருந்து நழுவித் தொட்டிச் சுவரில் விழுந்தது. பின்னாலிருந்து வந்த மோட்டார் சைக்கிளின் பின் இருக்கைக்காரன் அதை எடுத்துக்கொண்டு போனான். ஆறு விநாடிகூட ஆகியிருக்காது.

டீச்சர் கூச்சலிட்டார். அத்தான் விசில் ஊதினார். விசில் வைத்திருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அக்கா சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மறுபடியுமா? எம் பேரனுக்குக் கல்யாணத்துக்கும் சடைதானா?" என்றாள்.

நானூறு மீட்டர் தள்ளி ஒரு மைல்கல்லின் மேல் அந்தச் சோப்பு டப்பா திறந்து கிடந்தது. இரண்டு போல்ட்டுகளும் நட்டுகளும் வாஷர்களும் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மஞ்சள் துணியைக் காணோம். திருடனுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அத்தானின் முகத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட அவ்வளவு பிரகாசமாகப் பார்த்ததில்லை. "பாத்தியா மாப்ள! சிஸ்டம் வேல செய்யுது! எழுது, எழுது!"

டீச்சர் மகிழவில்லை. "அப்ப ரெண்டு நாளா நான் சுமந்தது போல்ட்டுங்களா? குளிக்கறப்பக்கூட அவுக்கலைங்க. இதென்னுங்க அநியாயம்!"

அதன் பிறகு குழுவில் அவருடைய நிலை மாறிவிட்டது. முத்திரை உடையாத பொட்டலக்காரர்கள் அவர் அருகே வந்தால் இடுப்பை மூடிக்கொண்டார்கள். பொதுமக்களில் ஒருவராகிவிட்டார். ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தவர், பிறகு கரும்புச்சாறு குடித்தார். கைகளை வீசி நடந்தார். கொய்யா வாங்கிக் கடித்தார். இந்த மாநிலத்தில் பெண்களுக்குப் பேருந்து இலவசம். ஒவ்வொரு பேருந்து தாண்டிப் போகும்போதும், "சும்மா கூட்டிட்டுப் போறான், நாம நடக்கறம்," என்று சிரித்தார். எங்களில் யாத்திரையை ரசித்த இரண்டாவது ஆள் அவர். முதல் ஆள் ஏகாம்பரம்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு வயலோரம் சோள ரொட்டியும் பச்சைமிளகாய்ச் சட்னியும். சுட்டுக் கொடுத்த அம்மாள் உள்ளங்கையாலேயே தட்டித் தட்டி ரொட்டியை வட்டமாக்கினார். நம் வீடுகளில் தோசைக் கரண்டிக்குக்கூட அப்படி ஒரு வட்டம் வராது. காற்று பலமாக அடித்தது. காகிதத் தட்டுகள் பறந்தன. ஏகாம்பரம் தட்டுக் கட்டின் மேல் தன் பொட்டலத்தை எடுத்து வைத்தார். எடை சரியாக இருந்தது.

"உடம்ப விட்டு எறக்கிட்டீரே!" என்று அத்தான் எழுந்தார்.

"சாப்பிடற எடத்துல எதுக்கு சார் டென்ஷன்? போல்ட்டுக்குப் பசிக்காது."

அன்று மாலை பீபிநகரில் ஏகாம்பரத்தின் குதிகால் கொப்புளம் உடைந்தது. அந்த ஊரிலேயே தன்னுடைய அக்கா மகன் வீடு இருப்பதாகவும், இரண்டு இரவு தங்கிக் கால் புண்ணை ஆற்றிக்கொண்டு ஐந்தாம் நாள் மலையடிவாரத்துக்கு வந்துவிடுவதாகவும் சொன்னார்.

"எப்படி வருவீரு?" என்று கேட்டார் அத்தான்.

"கால் எதுக்குக் கீது?"

"பொட்டலத்தக் கொடுத்துட்டுப் போம்."

ஏகாம்பரம் கைத்தடியைத் தோளில் சாய்த்தார். "நக்கோ, வேணாம் சார். ரூல் நீங்க போட்டது. உடம்ப விட்டு எறங்கக் கூடாது."

தன் விதியைத் தானே மீற முடியாமல் அத்தான் வழியை விட்டு நகர்ந்தார். எட்டு முத்திரைகளில் ஒன்று நொண்டியபடி சந்துக்குள் போய் மறைந்தது.

அக்கா அன்று சாப்பிடவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார். "எம்படது போனதுல எட்டு மிச்சம். அவருகிட்ட அசல் இருக்கறதுக்கு எட்டுல ஒரு வாய்ப்புத்தானுங்க. ஏழு பங்கு நம்ம பக்கம்."

"எட்டுல ஒண்ணுன்னா அது எனக்குத்தான் வரும் டீச்சர்," என்றாள் அக்கா.

"இப்பவே எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டா என்ன?" என்று கேட்டேன்.

"சாமிக்குன்னு கட்டினத வழியில பிரிக்கப்படாது," என்றாள் அக்கா. "முத்திரைய உடைச்சா சிஸ்டம் எதுக்கு?" என்றார் அத்தான். மூன்று நாட்களில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

நான்காம் நாள் முழுக்க போங்கீரின் ஒற்றைப் பாறை மலை எங்களுக்கு முன்னால் நின்றது. காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது அரைமணி நேர நடைபோல இருந்தது. மதியம் ஒரு மணிக்கும் அப்படியே இருந்தது. அக்கா நடந்துகொண்டே ஏகாம்பரத்துக்கு மூன்று முறை போன் செய்தாள். "கால் தேவலாமா அண்ணாச்சி? நாளைக்கு நடந்துருவீங்கல்லா?" மூன்று முறையும், "நடப்பேம்மா, நீ கவலப்படாத," என்றார் அவர். மூன்றாவது அழைப்பை ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் குக்கர் இரண்டு விசில் விட்டது. தொலைக்காட்சியில் யாரோ தெலுங்கில் விசும்பி அழுதார்கள்.

"நல்லா சாப்பிடுதாரு," என்றார் அத்தான்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அடிவாரம் சேர்ந்தோம். ஏகாம்பரம் எங்களுக்கு முன்பே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலையில் எண்ணெய், நெற்றியில் நாமம், இஸ்திரி போட்ட சட்டை. தோளில் கைத்தடி, அதன் நுனியில் பொட்டலம், முத்திரை உடையாமல்.

"இன்னா லேட்டு?" என்றார்.

அக்கா அவர் காலைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள், படியைப் பார்த்து நடந்தாள்.

வரிசை நகர்ந்து சோதனை வாயிலுக்கு வந்தோம். பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டு மெட்டல் டிடெக்டர் வழியாகப் போக வேண்டும். முதலில் போன அத்தான் மணி அடித்தார். அடுத்தவரும் அடித்தார். நானும் அடித்தேன். எட்டுப் பேரும் அடித்து முடித்தபோது பெண் காவலர் எங்களை ஓரமாக நிறுத்தி, இடுப்பில் என்ன என்று கேட்டார்.

அத்தான் விளக்கத் தொடங்கினார். தெலுங்கில் தொடங்கி, ஆங்கிலத்துக்குப் போய், உணர்ச்சி மிகுந்த இடத்தில் திருநெல்வேலிக்கு வந்தார். முத்திரையை இரண்டு சாட்சிகள் முன்னிலையில்தான் உடைக்கலாம் என்றார்.

காவலர் பொறுமையாகக் கேட்டார். மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "அண்ணா, பின்னால முந்நூறு சாட்சி நிக்கிறாங்க. சீக்கிரம்," என்றார் தெலுங்கில்.

ஐந்து நாள் காத்த முத்திரைகளை நான்கு நிமிடத்தில் வெட்டினார். முதல் பொட்டலம் போல்ட். இரண்டாவது போல்ட். ஒவ்வொருவரும் தன் டப்பா திறக்கும்போது முன்னால் குனிந்து, பிறகு யாருடைய கண்ணையும் பார்க்காமல் நிமிர்ந்தார். என்னுடையதைத் திறந்தபோது நானும் குனிந்தேன். போல்ட். அத்தானுடையதும் போல்ட், அவர் ஒரு வாஷரை எடுத்து உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அக்காவுடையதும் போல்ட். டீச்சர் ஒரு ஓரமாக நின்று கொய்யா தின்றுகொண்டிருந்தார்.

கடைசியாக ஏகாம்பரத்தின் எட்டாம் எண் டப்பாவைத் திறந்ததும் காவலர், "அய்யோ, எவ்வளவு அழகு!" என்றார். விரலால் தொட்டார். குட்டி வெள்ளித் தொட்டில் ஆடியது.

அக்கா தொட்டிலைப் பார்க்கவில்லை. ஏகாம்பரத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, சத்தியமாச் சொல்லுங்க. எதுல வந்தீங்க?"

ஏகாம்பரத்தின் முகத்தில் ஐந்து நாளும் இருந்த சிரிப்பு இப்போது இல்லை. தட்டுக் கட்டின் மேல் தான் வைத்தது எது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. தொட்டிலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"நடந்துதாம்மா வந்தேன்," என்றார்.

"அந்தக் காலோடயா?"

"நேத்து மத்தியானமே கெளம்பிட்டேன். மெதுவா வந்தேன். நரசிம்மசாமி சத்தியமா நடந்தேன்."

அத்தான் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இஸ்திரி மடிப்பில் சற்று நின்றார். ஸ்டோர்ஸ் வாசலில் முப்பத்தாறு வருடம் லாரிகளைப் பார்த்த பார்வை அது. பிறகு அக்கா பக்கம் பார்த்தார். அவள் சோப்பு டப்பாவை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"மாப்ள," என்றார் என்னிடம். "எழுதிக்கோ. எட்டாம் எண், நடந்து வந்துது."

எழுதினேன். அத்தான் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்தை டீச்சர் போட்டார். நோட்டில் கொய்யாச் சாறு பட்டது.

அக்கா தொட்டிலை மடித்த மஞ்சள் துணியில் வைத்து உள்ளே எடுத்துப் போனாள். பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அது உண்டியலில் விழுந்தது. வெளியே வந்து முதல் வேலையாகப் புனேக்குப் போன் போட்டு, நல்ல நாள் பார்த்து முடி இறக்கச் சொன்னாள். அவள் பேசிக்கொண்டிருந்தபோது, சோதனை வாயிலில் விட்டுப்போன பொருள்களை வாங்கிவர அத்தான் என்னை அனுப்பினார்.

ஏகாம்பரத்தின் தட்டில் ஒரு சீப்பு, வீட்டுச் சாவி, பீபிநகரிலிருந்து யாதகிரிகுட்டாவுக்கு அன்று காலை ஏழு ஐந்துக்கு அடித்த ஒரு பேருந்துச் சீட்டு ஆகியவை இருந்தன.